பத்து மாச அட்வான்ஸும் மூணடி ஜன்னலும்: பெங்களூரு வாடகை வீட்டுக்குத் தரம் வைப்பது யார்?

ஸ்ரீராம்புரத்திலோ மர்பி டவுனிலோ மாதம் 12,000 ரூபாய்க்கு வீடு எடுத்திருப்பவர், ஓனரோடு தகராறு வந்தால் வாடகைச் சட்டம் கைகொடுக்கும் என்று நினைத்திருந்தால் ஏமாந்துதான் போவார். அப்படியொரு சட்டம் இருப்பது உண்மை. 1999ஆம் ஆண்டின் கர்நாடக வாடகைச் சட்டம் 2001 டிசம்பர் 31 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் பெங்களூரில் மாத வாடகை 3,500 ரூபாயைத் தாண்டும் குடியிருப்புக்கு அது பொருந்தாது என்று அதன் தொடக்கப் பிரிவிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தத் தொகை போட்ட காலத்தோடு நின்றுவிட்டது. இன்று அந்த வாடகைக்கு அல்சூர் சந்துகளில் ஷீட் வீடு கிடைப்பதே அபூர்வம். நகரத்தில் வாடகைக்கு இருப்பவர்களில் பெரும்பாலோர் வாடகைச் சட்டத்துக்கு வெளியே இருக்கிறார்கள்.

இந்த உச்சவரம்பைத் தெரிந்தேதான் வைத்தார்கள். முன்பிருந்த 1961ஆம் ஆண்டுச் சட்டம் வாடகையை இறுக்கிப் பிடித்தது. வாடகை ஏறாத வீட்டுக்கு வெள்ளையடிக்கக்கூட ஓனர்கள் காசு எடுக்கவில்லை. காலியான வீட்டைப் பூட்டியே வைத்தவர்களும் உண்டு. பம்பாயிலும் இதே கதை. பழைய வாடகையை அப்படியே உறையவைப்பது நியாயமற்றது என்று 1997இல் ஒரு மகாராஷ்டிர வழக்கில் உச்ச நீதிமன்றமே சொன்னது. வாடகையைச் சந்தைக்கு விட்டதில் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. ஆனால் வாடகைக் கட்டுப்பாட்டைக் கழற்றியபோது அதோடு ஒட்டியிருந்த மற்றவையும் கழன்றுபோயின: வீட்டைக் குடியிருக்கத்தக்க நிலையில் வைத்திருக்கும் கடமை, தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது என்ற தடை, சட்டம் சொல்லும் காரணம் இல்லாமல் காலி செய்யச் சொல்லக் கூடாது என்ற விதி. 3,500க்குக் கீழே இருப்பவருக்கு இவை இன்றும் உண்டு. அதற்கு மேல் கொடுப்பவருக்கு இல்லை.

அவருக்கு மிச்சம் இருப்பது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். அதன் 106ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறு எதுவும் எழுதாவிட்டால், மாத வாடகைக் குடித்தனத்தை 15 நாள் நோட்டீஸில் முடித்துக்கொள்ளலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. 108ஆம் பிரிவில் குடித்தனக்காரருக்குச் சாதகமாக இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. பலருக்கு அவை தெரியாது. ஒன்று, ஓனர் செய்தே ஆக வேண்டிய பழுதை நோட்டீஸ் கொடுத்தும் நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால், குடித்தனக்காரரே செய்துகொண்டு செலவை வட்டியோடு வாடகையில் கழிக்கலாம். இன்னொன்று, வீட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது எடுத்த நிலையில் கொடுத்தால் போதும். நியாயமான தேய்மானத்துக்கு அவர் பொறுப்பல்ல. காலி செய்யும்போது கண்ணை மூடிக்கொண்டு ஒரு மாத வாடகையை ‘பெயின்டிங்’ என்று பிடித்துக்கொள்ளும் பெங்களூரு வழக்கத்தை இந்த இரண்டாவது வரியை வைத்தே கேள்வி கேட்கலாம். சிக்கல் என்னவென்றால், ஒப்பந்தத்தில் ‘பெயின்டிங் சார்ஜ் ஒரு மாத வாடகை’ என்று ஒரு வரி அச்சாகியிருக்கும். குடித்தனக்காரரும் கையெழுத்துப் போட்டிருப்பார். 108ஆம் பிரிவு ஒப்பந்தத்துக்கு அடங்கியது. எழுதிக் கொடுத்துவிட்டால் சட்டம் ஒதுங்கிக்கொள்ளும்.

இது வாடகைப் பக்கம். வீட்டின் பக்கம் வேறு கதை.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016 ஒரு குடியிருப்பு அறைக்குக் குறைந்தது 9.5 சதுர மீட்டர் பரப்பு, 2.4 மீட்டர் அகலம், 2.75 மீட்டர் உயரம் கேட்கிறது. அதாவது ஏறக்குறைய 102 சதுர அடி, 8 அடி, 9 அடி. சமையலறைக்கு 5 சதுர மீட்டர். குளியலறையும் கழிப்பறையும் சேர்ந்திருந்தால் 2.8 சதுர மீட்டர். காற்று வரும் திறப்பு, மிதமான காலநிலையில், கதவை விட்டுவிட்டுத் தரைப்பரப்பில் எட்டில் ஒரு பங்கு; திறக்க முடியாத கண்ணாடி கணக்கில் வராது. பெங்களூரின் பழைய பேட்டைகளில் இருக்கும் ‘பத்துக்குப் பத்து’ அறையை இதோடு ஒப்பிட்டுப் பார்த்தால், பரப்பு 100 சதுர அடி, மயிரிழையில் தவறுகிறது. ஜன்னலில்தான் மோசமாகத் தவறுகிறது. 100 சதுர அடி அறைக்கு 12.5 சதுர அடி திறப்பு வேண்டும். வழக்கமாக இருப்பது மூன்றடிக்கு மூன்றடி, அதாவது 9 சதுர அடி. அதிலும் ஸ்லைடிங் ஜன்னலாக இருந்தால் ஒரு நேரத்தில் பாதிதான் திறக்கும். நாலரை சதுர அடி. அதைத் திறந்தாலும் இரண்டடி தள்ளிப் பக்கத்து வீட்டுச் சுவர் நிற்கும். மழைக்காலத்தில் பீரோவுக்குப் பின்னால் கரும்பூஞ்சை பூப்பதற்குப் பாதிக் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

விதித்தொகுப்பு பரிந்துரைதான், உள்ளூர் கட்டட விதிகளில் எடுத்துக்கொண்ட அளவுக்கே அது கட்டாயம். அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. இந்த அளவுகளை யாராவது கேட்பது இரண்டே சமயங்களில்: வரைபட அனுமதி வாங்கும்போதும், கட்டி முடித்து ‘ஆக்குபென்சி சர்டிபிகேட்’ என்ற குடிபுகு சான்றிதழ் வாங்கும்போதும். வீட்டை வாடகைக்கு விடும்போது கேட்க ஆள் கிடையாது. கட்டட விதி கட்டுகிறவரோடு முடிந்துவிடுகிறது. வாடகைச் சட்டம் 3,500 ரூபாயோடு நின்றுவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வீடு, அதாவது ஒரு குடும்பம் உள்ளே இருந்து சமைத்துத் தூங்கும் வீடு, எந்த அதிகாரியின் மேசைக்கும் வருவதில்லை. பெங்களூரில் வாடகை வீட்டுத் தரத்துக்காக எழும்பும் குரல்கள் பெரும்பாலும் அடங்கிப்போவதற்குக் காரணம் இந்த இடைவெளிதான்.

இருந்த சிறு சல்லடையும் இப்போது அகலமாகியிருக்கிறது. குடிபுகு சான்றிதழ் இல்லாத கட்டடத்துக்கு மின்சாரம், தண்ணீர் இணைப்பு கொடுக்கக் கூடாது என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பெங்களூரில் மின் விநியோக நிறுவனமான பெஸ்காமும் குடிநீர் வாரியமும் புது இணைப்புகளை நிறுத்த, சான்றிதழே இல்லாமல் கட்டிப் பழகிய ஊர் திணறியது. கடைசியில் 2025இல், 1,200 சதுர அடி வரையிலான மனைகளில் கட்டும் சிறு குடியிருப்புகளுக்கு அந்தச் சான்றிதழிலிருந்து விலக்கு கிடைத்தது. 1,200 சதுர அடி என்றால் முப்பதுக்கு நாற்பது மனை. கீழே ஓனர், மேலே மாடிக்கு இரண்டு குடித்தனம் என்று ஊரில் பாதி வாடகை வீடுகள் எழும்புவது அந்த மனைகளில்தான். இணைப்புக்காகக் காத்திருந்த சிறு ஓனருக்கு இது நிம்மதி, சந்தேகமில்லை. ஆனால் குடித்தனக்காரர் பக்கமிருந்து பார்த்தால், அவர் வீட்டை யாராவது ஒருமுறையாவது வந்து பார்க்கும் வாய்ப்பும் போனது.

இதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. பிரசாரம் செய்ய நினைப்பவர்கள் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான். 2024இல் அன்றைய பெங்களூரு மாநகராட்சி பி.ஜி. எனப்படும் ‘பேயிங் கெஸ்ட்’ விடுதிகளுக்கு விதிமுறைகள் வெளியிட்டது. தலைக்குக் குறைந்தது 70 சதுர அடி இடம், நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர், நுழைவாயில்களில் கேமரா, தீப் பாதுகாப்பு, உணவு உரிமம், புகார் எண்ணை எழுதி மாட்டுவது என்று எல்லாமே அளந்து சரிபார்க்கக்கூடிய நிபந்தனைகள். மாநகராட்சிக்கு அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது? பி.ஜி. ஒரு தொழில்; அதற்கு வணிக உரிமம் வேண்டும்; உரிமத்தோடு நிபந்தனையை ஒட்டலாம். குடும்பத்துக்கு வாடகைக்கு விடுவது தொழிலாகக் கருதப்படுவதில்லை, உரிமம் இல்லை, ஆகவே நிபந்தனை ஒட்ட இடமும் இல்லை. ஒரே தெருவில், ஒரே மாதிரிக் கட்டடத்தில், இடப்பக்கம் பி.ஜி.யில் இருக்கும் ஐ.டி. பையனுக்கு 70 சதுர அடி கேட்க வழியிருக்கிறது. வலப்பக்கம் இரண்டு பிள்ளைகளோடு இருக்கும் குடும்பத்துக்கு இல்லை.

ஆகவே எந்தக் கோரிக்கையை எந்த வாசலில் வைப்பது என்று பிரித்துக்கொள்வதே முதல் வேலை. மனுக்களில் வழக்கமாக நடப்பது எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி எம்.எல்.ஏ. கையில் கொடுத்து போட்டோ எடுத்துக்கொள்வது. 3,500 ரூபாய் வரம்பு, அட்வான்ஸுக்கு உச்சவரம்பு, காலி செய்யச் சொல்லும் விதிகள், வாடகை நீதிமன்றம் எல்லாம் மாநிலச் சட்டமன்றத்தின் வேலை. அந்த மனு எம்.எல்.ஏ.க்குத்தான் போக வேண்டும். பி.ஜி. விதிகளை நடைமுறைப்படுத்துவது, கட்டட மீறல், கழிவுநீர், குப்பை ஆகியவை மாநகராட்சியின் வேலை. 2025 செப்டம்பரிலிருந்து பெங்களூரு ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்து கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் இருப்பதால், உங்கள் தெரு எதில் வருகிறது என்பதைப் பார்த்துவிட்டே மனு எழுத வேண்டும். பழைய மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது; அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் கவுன்சிலரே இல்லாமல் ஊர் ஓடியது. மாநகராட்சித் தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருபவரிடம் ‘அட்வான்ஸைக் குறைப்பீங்களா’ என்று கேட்டால் அவர் தலையாட்டிவிட்டுப் போவார். அவரால் ஆகாத காரியம் அது. ‘வார்டில் எத்தனை பி.ஜி.க்கு உரிமம் இருக்கு, கடைசியா எப்ப சோதனை நடந்துச்சு’ என்று கேட்டால் மழுப்ப முடியாது. தண்ணீருக்குக் குடிநீர் வாரியம், மின்சாரத்துக்கு பெஸ்காம். முதலாவதன் புகார் எண் 1916; இரண்டாவதன் எண் 1912.

அட்வான்ஸ் விஷயம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது, ஏனென்றால் பெங்களூரில் மற்ற எல்லாத் தகராறுக்கும் அதுதான் பிணை. பத்து மாத அட்வான்ஸ் பழைய வழக்கம். இப்போது ஐந்தாறு மாதம் கேட்பவர்களும் உண்டு. 12,000 ரூபாய் வீட்டுக்குப் பத்து மாதம் என்றால் 1,20,000. அந்தப் பணத்தைக் கையிலிருந்து எடுத்துக் கொடுக்கும் கூலிக் குடும்பம் குறைவு. மூணு வட்டிக்கு வாங்கினால் மாதம் 3,600 வட்டி. உண்மையான வாடகை 15,600 ஆகிவிடுகிறது. நகையை அடகு வைத்தால் வட்டி குறையும், நகை திரும்புவது ஓனர் அட்வான்ஸைத் திருப்பித் தரும் நாளைப் பொறுத்தது. ஓனர் பலரும் அந்தப் பணத்தை பேங்கில் போட்டு வைப்பதில்லை. முன்னால் இருந்தவருக்குத் திருப்பிக் கொடுக்கவே அது போய்விடும். அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்தால்தான் உங்களுக்குப் பணம். ‘ஆள் வரட்டும், தர்றேன்’ என்ற பதிலுக்குப் பின்னால் எப்போதும் கெட்ட எண்ணம் இருப்பதில்லை, சங்கிலி அப்படி.

2021 ஜூன் 2 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு அட்வான்ஸை இரண்டு மாத வாடகையோடு நிறுத்துகிறது. அதே 12,000 ரூபாய் வீட்டுக்கு 24,000. வீட்டை ஒப்படைக்கும்போதே, உரிய பிடித்தம் போக, பணத்தைத் திருப்பித் தர வேண்டும். ஓனர் உள்ளே வர 24 மணி நேரம் முன்பே தகவல் சொல்ல வேண்டும். தகராறு இருந்தாலும் தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு, லிப்ட் எதையும் நிறுத்தக் கூடாது. எந்தப் பழுது யாருடையது என்று ஓர் அட்டவணையே இருக்கிறது: கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, வயரிங் ஓனருக்கு, குழாய் வாஷர், சுவிட்ச், கீசர் பழுது, தாழ்ப்பாள், ஜன்னல் கண்ணாடி குடித்தனக்காரருக்கு. ஓனர் பழுதைச் செய்யாவிட்டால் குடித்தனக்காரர் செய்து வாடகையில் கழிக்கலாம், ஆனால் ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. பதிலுக்கு ஓனருக்குக் கிடைப்பதும் பெரிசு: காலம் முடிந்தும் காலி செய்யாதவர் முதல் இரண்டு மாதம் இரட்டை வாடகையும் அதன் பிறகு நான்கு மடங்கும் கொடுக்க வேண்டும், வழக்கை வாடகை நீதிமன்றம் 60 நாளுக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும். வாடகை எவ்வளவு என்பதில் சட்டம் தலையிடுவதில்லை.

இது மாதிரிச் சட்டம். மாநிலம் எடுத்துச் சட்டமாக்கினால்தான் உயிர் வரும். கர்நாடகம் இன்னும் எடுக்கவில்லை. பக்கத்துத் தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் தனிச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது, அங்கே வரம்பு மூன்று மாதம். ஆனால் ‘ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லாதபட்சத்தில்’ என்ற பொருளில் ஒரு சொற்றொடரை அந்தப் பிரிவிலேயே சேர்த்துவிட்டார்கள். அந்த ஓட்டை வழியாக எத்தனை மாத அட்வான்ஸும் உள்ளே வரும். கர்நாடகத்துக்கு மசோதா வரும்போது பிரசாரம் செய்கிறவர்கள் ஒவ்வொரு பிரிவிலும் தேட வேண்டியது இந்த மாதிரிச் சொற்றொடரைத்தான். வரம்பு போட்டால் மட்டும் போதாது என்பதும் முன்கூட்டியே தெரிய வேண்டும்: இரண்டு மாதத்துக்கு மேலான பணம் ‘கைமாற்றுக் கடன்’ என்று தனிப் பத்திரத்துக்கு மாறும், அல்லது வாடகை ஏறும். ஓனர் பத்து மாதம் கேட்பதற்கு வேர் கோர்ட்டில் வழக்கு இழுக்கும் ஆண்டுகள். சீக்கிரம் தீர்க்கும் நீதிமன்றமும் அட்வான்ஸ் வரம்பும் ஒன்றாக வராவிட்டால் இரண்டும் நிற்காது. குடித்தனக்காரர் அமைப்புகள் இரட்டை வாடகைப் பிரிவை எதிர்ப்பதில் சக்தியைச் செலவழிப்பது வீண் என்றே தோன்றுகிறது. அதுதான் ஓனர்களை மேசைக்குக் கொண்டுவரும்.

இந்த மாதிரிச் சட்டத்திலும் தரத்துக்கு அளவு கிடையாது. பழுது யாருடையது என்று சொல்கிறதே தவிர, எவ்வளவு ஜன்னல், எவ்வளவு தண்ணீர், எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை என்று சொல்வதில்லை. அதை உள்ளூரில்தான் எழுத வேண்டும். எழுதுவதற்குத் தெருவிலிருந்து கணக்கு வேண்டும்.

கணக்கெடுக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். ஒரு தெருவில் முப்பது வீடு, ஒரு டேப், ஒரு நோட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அறையின் நீள அகலம், ஜன்னலில் திறக்கும் பகுதியின் அளவு, எதிர்ச்சுவருக்கு எத்தனை அடி, வீட்டில் எத்தனை பேர், கழிப்பறையை எத்தனை குடித்தனம் பங்குபோடுகிறது. தண்ணீருக்கு, காவேரி தண்ணி எந்த நாள் எத்தனை மணி நேரம் வருகிறது, போர்வெல் ஓடுகிறதா, மேல் டேங்க் எத்தனை லிட்டர். மூன்று குடித்தனம், பன்னிரண்டு பேர் என்றால் தலைக்கு 135 லிட்டர் கணக்கில் நாளைக்கு 1,620 லிட்டர் வேண்டும். மேலே ஒரே 1,000 லிட்டர் டேங்க் இருந்தால் தினமும் இரண்டு முறை மோட்டார் போட வேண்டும், மோட்டார் சாவி ஓனரிடம் இருக்கும். சண்டை அங்கே தொடங்கும். 6,000 லிட்டர் டேங்கர் அந்தக் கட்டடத்துக்கு நான்கு நாள்கூட வராது. 2024 கோடையில் போர்வெல்கள் வற்றியபோது 5 கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டருக்கு 600 ரூபாய் என்று மாவட்ட நிர்வாகம் விலை வைத்தது; ஆனால் அந்தச் செலவை ஓனர் குடித்தனங்களிடையே எப்படிப் பிரிப்பது என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு பேர் இருக்கும் வீடும் ஏழு பேர் இருக்கும் வீடும் சமமாகக் கொடுத்தன.

ஈரத்தை அளக்க ஒரு எளிய வழி இருக்கிறது. சுவரில் ஒன்றரை அடிச் சதுரத்துக்கு பிளாஸ்டிக் ஷீட்டை வைத்து நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி ஒரு நாள் முழுக்க விடுங்கள். ஷீட்டின் உள்பக்கம், சுவரைப் பார்த்த பக்கம், நீர்த்துளி கட்டினால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது: மேலே ஒழுகல், உள்ளே உடைந்த குழாய், அல்லது அஸ்திவாரத்திலிருந்து ஏறும் ஈரம். வெளிப்பக்கம் துளி கட்டினால் அறைக்குள்ளிருக்கும் நீராவிதான் படிகிறது, காற்றோட்டம் போதவில்லை. முதலாவதற்குப் புட்டி பூசி பெயின்ட் அடிப்பது வீண். ஒரு மழையில் உப்பிக்கொண்டு வரும். இரண்டாவதற்கு வாட்டர்ப்ரூபிங் செய்வது வீண். ஜன்னலைப் பெரிதாக்க வேண்டும் அல்லது எக்ஸாஸ்ட் விசிறி போட வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல்தான் ‘நீங்க துணியை உள்ள காயப்போடறீங்க’, ‘உங்க மாடி ஒழுகுது’ என்று ஓனரும் குடித்தனக்காரரும் ஆண்டுக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

மின்சாரத்தில் பார்க்க வேண்டியவை மூன்று. எர்த் உண்டா, 30 மில்லி ஆம்பியர் கசிவு மின்தடுப்பான் உண்டா, தனி மீட்டரா. ஒரே மீட்டரை வைத்து நாலு குடித்தனத்துக்கு சப் மீட்டர் போட்டு, யூனிட்டுக்கு ஓனர் சொன்ன விலையில் வசூலிப்பது ‘வட்டாரா’ என்ற, ஒரே வளாகத்தில் பல குடித்தனங்கள் இருக்கும் வீடுகளில் சகஜம். பெஸ்காமின் வீட்டுக் கட்டணம் யூனிட்டுக்கு ஆறு ரூபாய் சுமார். வசூல் எட்டு, பத்து என்று போகும். தனி மீட்டர் இல்லாத குடும்பத்துக்கு 2023இல் தொடங்கிய கிருஹ ஜோதி திட்டத்தின் 200 யூனிட் சலுகையும் கைக்கு வராது. சந்துகளில் இன்னொரு ஆபத்து, ஜன்னல் இல்லாத குளியலறையில் மாட்டிய கேஸ் கீசர். எரியும் இடத்தில் காற்று போதாமல் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனை இருக்காது, குளிக்கப் போனவர் மயங்கி விழுந்த பிறகுதான் தெரியும். குறைந்தபட்சத் தரப் பட்டியல் எழுதினால் முதல் வரியாக இதை வைக்கலாம்: கேஸ் கீசர் குளியலறைக்கு வெளியே. ஓனருக்குச் செலவு சில அடி பைப். எதிர்ப்பே வராத கோரிக்கையிலிருந்து தொடங்குவது நல்லது.

கணக்கெடுப்பைத் தெரு முழுதுக்கும் சேர்த்துச் செய்வதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது, அது முக்கியமானது. தனியாகப் புகார் கொடுப்பவர் வீட்டை இழப்பார். பதினோரு மாத ஒப்பந்தம் முடியும், புதுப்பிக்க மாட்டார்கள். 15 நாள் நோட்டீஸ் போதும். இங்கிலாந்தில் 2015இல் ஒரு சட்டம் இதற்குத் தடுப்பு வைத்தது: பழுதைச் சரிசெய்யச் சொல்லி உள்ளாட்சி நோட்டீஸ் கொடுத்த பிறகு ஆறு மாதத்துக்குக் காரணமில்லாத காலி நோட்டீஸ் செல்லாது என்றது அது. அதுபோன்ற ஒரு வரி இல்லாமல் தரத்தை மட்டும் சட்டமாக்கினால் அந்தத் தரத்தைக் கேட்க ஒருவரும் முன்வர மாட்டார்கள். அது வரும் வரை புகாரில் வீட்டு எண் போகக் கூடாது. ‘இந்தத் தெருவில் முப்பதில் இத்தனை வீடு’ என்றுதான் போக வேண்டும். சிறு ஓனர்களையும் கூடவே உட்காரவைக்கலாம். பல தெருக்களில் அவர்களும் அதே கூரைக்குக் கீழே, அதே சம்ப் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருப்பவர்கள்தான். எந்தத் தேதியிலிருந்து, எந்த வகைக் கட்டடத்துக்கு, எவ்வளவு அவகாசம் என்பதைச் சேர்த்து எழுதிய கோரிக்கைக்கு அவர்களில் சிலராவது கையெழுத்துப் போடுவார்கள்.

மொழி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. தமிழர்கள் அதிகமுள்ள பேட்டையில் தமிழர்கள் மட்டும் சேர்ந்து மனு கொடுத்தால், 1991, 2016 செப்டம்பர் ஆகிய காவேரிக் கலவரங்களைப் பார்த்த ஊரில், அது வீட்டுப் பிரச்சினையாக இல்லாமல் வேறு பிரச்சினையாகப் படிக்கப்படும். அதே சந்தில் தெலுங்குக்காரர், உருது பேசுகிறவர், வட கர்நாடகத்திலிருந்து வந்த கட்டட வேலைக்காரர் எல்லோருக்கும் அதே ஜன்னல், அதே டேங்க். மனு கன்னடத்தில் இருக்கட்டும், கையெழுத்து கலந்து இருக்கட்டும். உள்ளே படித்து விளக்குவது அவரவர் மொழியில் நடக்கட்டும்.

சட்டம் மாறும் வரை ஒப்பந்தத்திலேயே செய்துகொள்ளக் கூடியவை சில உண்டு. ஓராண்டைத் தாண்டிய குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்வதால்தான் எல்லோரும் பதினோரு மாதம் போடுகிறார்கள், அது தவறல்ல. ஆனால் முத்திரைத்தாள் மதிப்பு குறைவாக இருந்தால் தகராறின்போது கோர்ட் அந்தத் தாளைச் சாட்சியாக எடுக்காது, குறைவுத் தொகையையும் பத்து மடங்கு அபராதத்தையும் கட்டினால்தான் எடுக்கும். கையெழுத்துக்கு முன் ஆங்கில வாசகத்தை யாரிடமாவது தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். குறிப்பாக பெயின்டிங், லாக்-இன் (இத்தனை மாதத்துக்குக் காலி செய்யக் கூடாது என்பது), நோட்டீஸ் ஆகிய மூன்று வரிகள். அட்வான்ஸை பேங்க் வழியாக, ‘வீட்டு அட்வான்ஸ்’ என்று குறிப்பெழுதி அனுப்புங்கள். குடிவரும் நாளில் மீட்டர் ரீடிங், சுவர், கூரை, சிங்க்குக்கு அடியில், கழிப்பறைத் தொட்டி எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அன்றைக்கே ஓனருக்கு வாட்ஸ்அப் செய்யுங்கள். காலி செய்யும்போது அதே இடங்களை அதே கோணத்தில் எடுங்கள்.

பணம் வரவில்லையென்றால் முதலில் எழுத்தில் கேட்டு, பிறகு வக்கீல் நோட்டீஸ், பிறகு வழக்கு. மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமலே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையம் இலவச வக்கீல் தரும், அழைக்க 15100. அங்கேயே வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கும் மனு போடலாம், அட்வான்ஸ் தகராறில் பாதி அங்கேயே முடியக் கூடியது. ஓனர் பூட்டு போட்டு வெளியே தள்ளினால் ஸ்டேஷனில் ‘சிவில் மேட்டர்’ என்பார்கள். புகாருக்கு ரசீது மட்டும் வாங்கிக்கொண்டு ஆறு மாதத்துக்குள் 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டம் 6ஆம் பிரிவில் வழக்குப் போடலாம். வீடு யாருடையது என்ற கேள்விக்கே அந்த வழக்கில் இடமில்லை. சட்டப்படி இல்லாமல் வெளியேற்றினார்களா என்பது ஒன்றுதான் கேள்வி.

லீஸுக்கு எடுப்பவர்கள் நிலை இன்னும் மோசம். எட்டு, பத்து லட்சத்தை மொத்தமாகக் கொடுத்து வாடகையில்லாமல் இரண்டு மூன்று ஆண்டு இருக்கும் ஏற்பாடு. பத்திரம் பெரும்பாலும் பதிவாகாது. ஓனர் அந்த வீட்டின் மேல் பேங்கில் கடன் வாங்கித் தவணை தவறினால், பேங்க் வீட்டை எடுக்கும்போது பதிவில்லாத லீஸ்காரரின் பேச்சு எடுபடாது. பணம் கொடுப்பதற்கு முன் பதிவுத்துறையின் ‘காவேரி’ இணையதளத்தில் அந்த மனைக்கு வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பாருங்கள். அடமானம் எல்லாமே அதில் தெரியும் என்று சொல்ல முடியாது, அதனால் மூலப் பத்திரத்தையும் காட்டச் சொல்லுங்கள். பேங்கில் இருக்கிறது என்றால் கடன் இருக்கிறது. ஓனரிடம் நேராகப் போடாமல் நடுவில் ஒரு கம்பெனி வீட்டை எடுத்து உங்களுக்கு லீஸுக்கு விடுகிறதென்றால், கம்பெனி ஓனருக்கு மாத வாடகை கட்டுவதை நிறுத்தும் நாளில் நீங்கள் கொடுத்த லட்சங்களுக்கும் அந்த வீட்டுக்கும் சம்பந்தம் இல்லாமல் போகும். அந்த ஏற்பாட்டில் ஓனரின் கையெழுத்தும் பதிவும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.